வீட்டை இப்போது விற்பதா, விலை திரும்பும் வரை பொறுப்பதா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பிள்ளைகள் தனியாகப் போய்விட்டார்கள், இருவருக்கு வீடு பெரிதாகிவிட்டது, மாடிப்படி உங்கள் மனைவியின் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை, ஒரே தளத்தில் இருக்கும் சின்ன வீட்டுக்கு மாறலாம் என்று இருக்கிறீர்கள். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து வீடு போன விலைக்கு உங்கள் வீட்டை யாரும் கேட்கவில்லை. உருப்படியாகக் கேட்ட ஒருவரும் அதைவிட எட்டு சதவீதம் குறைத்துத்தான் கேட்டார். வட்டி ஏறிக் கிடக்கிறது. இன்னும் விழும் என்கிறார் ஒருவர், அடுத்த வருடம் ஏறும் என்கிறார் இன்னொருவர். "சந்தை எப்போது திரும்பும், அதுவரை பொறுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: பக்கத்து வீட்டின் அந்த விலையை விட்டுக்கொடுத்தால் உங்கள் கையிலிருந்து உண்மையில் எவ்வளவு போகும், அதற்காகக் காத்திருந்தால் எவ்வளவு போகும்? சந்தை எப்போது திரும்பும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.

வீடுகளுக்கு மதிப்புப் போடுவது என் தொழில். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வங்கி கடன் கொடுக்கும் முன்பும், உடன்பிறந்தவர்கள் பாகம் பிரிக்கும் முன்பும், விற்கிறவர் விலை சொல்லும் முன்பும் கூப்பிடுவார்கள். சுற்றிப் பார்த்து, அளந்து, அக்கம்பக்கத்தில் கைமாறிய வீடுகளோடு ஒப்பிட்டு, இன்றைய தேதிக்கு இது என்ன பெறும் என்று எழுதிக் கொடுப்பேன். அடுத்த வருடம் என்ன பெறும் என்று கேட்காதவர்கள் குறைவு. ஒரு முறை அதற்கும் பதில் சொல்லிவிட்டேன். 2020 ஏப்ரலில், எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, ஒரு குடும்பத்திடம் "கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள், இனி இறங்கத்தான் செய்யும்" என்றேன். வேலை போகிறது, வருமானம் நிற்கிறது, வீட்டு விலை மட்டும் எப்படித் தாங்கும் என்பது என் கணக்கு. அடுத்த ஒன்றரை வருடத்தில் பல நாடுகளில் வீட்டு விலை கிடுகிடுவென ஏறியது. வட்டி அடிமட்டத்துக்கு இறங்கும் என்பதையும், அடைந்து கிடந்தவர்கள் இன்னும் ஓர் அறை வேண்டும் என்று வீடு தேடப் போவார்கள் என்பதையும் நான் யோசிக்கவில்லை. அவர்கள் என் பேச்சை நம்பி விற்றார்கள். அது இன்னும் மனதில் உறுத்துகிறது. அதற்குப் பிறகு விலை எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் சொல்வதில்லை.

அப்படியென்றால் சந்தையைப் பற்றி எதுவுமே தெரியாதா? கொஞ்சம் தெரியும். கார்ல் கேஸ், ராபர்ட் ஷில்லர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அட்லாண்டா, சிகாகோ, டாலஸ், சான் பிரான்சிஸ்கோ ஆகிய நான்கு நகரங்களில் 1970 முதல் 1986 வரை ஒரே வீடு இரண்டு முறை விற்ற விலைகளைச் சேகரித்து ஒப்பிட்டு, 1989-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு நகரத்தில் ஒரு வருடம் விலை ஏறினால் அடுத்த வருடமும் அதே பக்கம்தான் போகப் பார்க்கிறது, முந்தைய ஏற்றத்தில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை, என்று அதில் தெரிந்தது. இறக்கத்துக்கும் அதே கதைதான். பங்குச் சந்தையைப் போல வீட்டு விலை ஒரே நாளில் திரும்பாது, கனமான வண்டி மாதிரி மெதுவாகத்தான் திரும்பும். ஆனால் அது ஊர் முழுவதுக்குமான சராசரி. தனி ஒரு வீட்டின் விலை அந்தச் சராசரியைச் சுற்றி அங்கும் இங்கும் நிறையவே ஆடும். வண்டி எந்த இடத்தில் திரும்பும் என்பதையும் அந்தக் கணக்கு சொல்லாது.

எத்தனை காலம் பொறுக்க வேண்டியிருக்கும் என்பதற்கும் ஒரே விடை இல்லை. அமெரிக்காவில் 2006-இல் உச்சம் தொட்ட வீட்டு விலை 2012 தொடக்கத்தில்தான் அடியைத் தொட்டது. அதே கேஸ், ஷில்லர் இருவரின் பெயரில் வெளியாகும், நாடு முழுவதற்குமான வீட்டு விலைக் குறியீட்டில் ஏறத்தாழ 27 சதவீதம் சரிவு. ஆனால் அதே நாட்டில் அதே ஆண்டுகளில் லாஸ் வேகாஸில் 60 சதவீதத்துக்கு மேல் போனது, டாலஸில் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தோடு நின்றது. ஜப்பானில் குடியிருப்பு நிலத்தின் நாட்டுச் சராசரி விலை 1992-இல் இறங்கத் தொடங்கி ஏறத்தாழ 15 ஆண்டுகள் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆறு மாதத்தில் மீண்ட ஊர்களும் உண்டு. "எப்படியும் திரும்ப வரும், பொறுங்கள்" என்று சொல்பவர் எந்த ஊரை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

வட்டி ஏறினால் விலை விழுந்தே தீரும் என்பதும் அப்படித்தான். அமெரிக்காவில் 30 ஆண்டு வீட்டுக் கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதம், 2023 அக்டோபரில் 7.79. முன்பு மாதத் தவணையில் 100 ரூபாய்க் கடனைச் சமாளித்தவர், அதே தவணையில் பிறகு 56 ரூபாய்க் கடனைத்தான் சமாளிக்க முடியும். இந்தக் கணக்கைப் பார்த்தால் விலை ஏறத்தாழப் பாதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. விற்பனையின் எண்ணிக்கைதான் விழுந்தது: 2021-இல் 61 லட்சத்துக்கு மேல் பழைய வீடுகள் கைமாறின, 2023-இல் 41 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, 1995-க்குப் பிறகு அதுவரை அதுதான் மிகக் குறைவு. நடுமட்ட விலையோ (பாதி வீடுகள் அதைவிடக் குறைவாகவும் பாதி அதிகமாகவும் போன விலை) அந்த வருடமும் புதிய உச்சம். குறைந்த வட்டியில் கடன் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டை விற்க வரவில்லை, அதனால் வாங்க வந்த கொஞ்சம் பேருக்கும் வீடு போதவில்லை. வீட்டுச் சந்தையில் முதலில் சுருங்குவது வியாபாரம். விலை ஆறப்போட்டு மெதுவாகத்தான் அசையும். நீங்கள் இப்போது பார்ப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். யாரும் கேட்டு வராததால் விலை சரிந்துவிட்டதாகத் தோன்றும். விலை எவ்வளவு சரிந்தது என்பது உங்கள் தெருவில் உண்மையாகவே கைமாறிய இரண்டு மூன்று வீடுகளைப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது அந்தப் பக்கத்து வீட்டு விலைக்கு வருகிறேன். டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் இருவரும் 1990-களில் பாஸ்டன் நகர மையத்தில் விற்பனைக்கு வந்த அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்து 2001-இல் எழுதினார்கள். வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள், தாங்கள் வாங்கிய விலைக்கும் சந்தை தரக்கூடிய விலைக்கும் உள்ள இடைவெளியில் 25 முதல் 35 சதவீதம் வரை கூட்டிக் கேட்டார்கள். கையில் வந்ததோ அந்த இடைவெளியில் 3 முதல் 18 சதவீதம்தான். வீடும் விற்காமல் நெடுநாள் கிடந்தது. முதலீட்டுக்காக வாங்கியவர்களைவிட, குடியிருந்தவர்களிடம் இந்தப் பிடிவாதம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளை வளர்த்த வீட்டுக்கு ஒரு எண்ணைச் சொல்லி, அதைவிடக் குறைவுதான் பெறும் என்று ஏற்றுக்கொள்வது கடினம். உங்கள் விஷயத்தில் அந்த எண் நீங்கள் வாங்கிய விலைகூட இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் விற்ற விலை. ஆனாலும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பது என் அனுபவம்.

ஒரு வீட்டை நான் மறக்கவில்லை. உங்களைப் போலவே இருவர். மாடி வைத்த வீடு. அளவெடுக்கும்போது சமையலறை அலமாரியைத் திறந்தேன். கதவின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு தொகையும் ஒரு தேதியும் எழுதியிருந்தது. எதிர்வீடு விற்ற விலை என்றார் அந்த அம்மா. அந்த விலை வந்தால் விற்றுவிடுவதாக அவர் கணவர் எழுதி வைத்தாராம். நான் போட்ட மதிப்பு அதற்குப் பத்து சதவீதம் கீழே இருந்தது. பொறுக்கிறோம் என்றார்கள். நான்கு வருடம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை என் மதிப்பு அந்தப் பென்சில் எண்ணைக் கொஞ்சம் தாண்டியே இருந்தது. கணவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனால் அதற்குள் மேல்தளத்துக்குப் புதுக் கூரை போட்டிருந்தார்கள், அவர்கள் பார்த்து வைத்திருந்த சின்ன வீடுகளும் அதே அளவுக்கு ஏறியிருந்தன, நான்கு வருட விலைவாசியில் அந்தத் தொகையின் பெறுமானமும் தேய்ந்திருந்தது. அந்த அம்மா மாடிக்குப் போவதை விட்டுக் கூடத்தில் கட்டில் போட்டிருந்தார். படிக்கட்டின் மூன்றாவது படி வரை கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது, அதற்கு மேல் தூசி படிந்திருந்தது.

அவர்களுக்கு முதல் முறையே நான் போட்டுக் காட்டியிருக்க வேண்டிய கணக்கை உங்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். பக்கத்து வீட்டு விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் நீங்கள் விரும்பும் சின்ன வீடு 60 இருந்திருக்கும் என்போம். அன்று விற்று வாங்கியிருந்தால் கையில் மிஞ்சுவது 40. இன்று உங்களுக்கு வந்திருக்கும் விலை 92. சின்ன வீடும் அதே எட்டு சதவீதம் இறங்கியிருந்தால் அது 55 சொச்சம். இன்று விற்று வாங்கினால் மிஞ்சுவது 37-க்குக் கொஞ்சம் குறைவு. ஆக நீங்கள் எட்டு என்று நினைத்துக் கலங்குவது உண்மையில் மூன்று சொச்சம். விற்கும் சந்தையிலேயே வாங்கவும் போகிறீர்கள், அதனால் ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி ஒரு கையில் போய் மறு கையில் வந்துவிடுகிறது. பெரிய வீட்டிலிருந்து சிறியதற்குப் போகிறவருக்கு விலை ஏறினால் கொஞ்சம் லாபம், இறங்கினால் கொஞ்சம் நஷ்டம். சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறவருக்கு இது அப்படியே தலைகீழ்: விலை இறங்கிய காலமே அவருக்கு நல்ல காலம்.

காத்திருப்பதற்கான செலவு அடுத்தது. மிஞ்சும் 37-ஐ வைப்பில் போட்டால் வருடத்துக்கு நான்கு சதவீதம் வட்டி என்று வையுங்கள், அதுவே ஒன்றரை. வீட்டின் மதிப்பில் வருடத்துக்கு ஒரு சதவீதம் பராமரிப்புக்குப் போகும் என்பது எங்கள் தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு. பெரிய வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் அதில் உள்ள வித்தியாசத்தோடு வரி, காப்பீடு வித்தியாசத்தையும் சேர்த்தால் இன்னும் அரை. எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு இரண்டு. அந்த மூன்று சொச்சத்தைப் பிடிக்க நீங்கள் வருடத்துக்கு இரண்டு செலவழிக்கிறீர்கள். ஒன்றரை வருடத்துக்குள் விலை பழைய இடத்துக்குத் திரும்பினால் காத்திருந்ததில் லாபம், அதற்கு மேல் இழுத்தால் நஷ்டம். திரும்பாமல் இன்னும் இறங்கினால் அதுவும் நஷ்டம். என் எண்களை எடுத்துவிட்டு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். வீட்டின் மேல் கடன் பாக்கி இருந்தால் வைப்பு வட்டிக்குப் பதில் கடன் வட்டியைப் போடுங்கள், காத்திருப்பு இன்னும் செலவாகும். வீடு பூட்டிக் கிடந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் குடியிருக்கும் பயன்கூட உங்களுக்கு இல்லை.

இந்தக் கணக்கு எங்கே ஆட்டம் காணும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சின்ன வீடுகளும் பெரிய வீடுகளும் ஒரே அளவில் ஏறி இறங்கும் என்று நான் எடுத்துக்கொண்டது ஒரு வசதிக்குத்தான். வட்டி ஏறிய காலத்தில் பலர் சின்ன வீட்டுக்கே போட்டி போடுவார்கள், அப்போது அது இறங்காமல் நிற்கும், பெரிய வீடு மட்டும் இறங்கும். அப்படி நடந்திருந்தால் உங்கள் நஷ்டம் மூன்று இல்லை, எட்டுக்கு அருகில். ஆகவே நீங்கள் போக நினைக்கும் வகை வீடு இன்று என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று தெரியாமல் இந்தக் கணக்கு முடியாது. நீங்கள் விற்கப்போகும் வீட்டை மட்டும் விசாரித்திருக்கிறீர்கள், வாங்கப்போகும் வீட்டை விசாரித்ததாக எழுதவில்லை. வேறு ஊருக்கோ வாடகை வீட்டுக்கோ போவதாக இருந்தாலும் கதை மாறும். அங்கே இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டாது, விலையின் அசைவு முழுவதும் உங்கள் தலையில்தான் வந்து விழும்.

நீண்ட காலத்தில் வீடு எப்போதும் நன்றாக ஏறும், அதனால் பொறுமைக்குப் பலன் உண்டு என்று சிலர் சொல்வார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஹெரென்கிராக்ட் என்ற கால்வாயின் ஓரத்தில் உள்ள வீடுகள் 1628 முதல் 1973 வரை என்ன விலைக்கு விற்றன என்று பீட் ஐக்ஹோல்ட்ஸ் என்ற ஆய்வாளர் தொகுத்தார். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் மூன்றரை நூற்றாண்டில் அந்த வீடுகளின் மதிப்பு ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆகியிருந்தது. நடுவில் பல பத்தாண்டுகள் ஏறியும் பல பத்தாண்டுகள் இறங்கியும் இருந்தது. ஒரு தெருவை வைத்து உலகத்துக்கு விதி எழுத முடியாது, சரி. ஆனால் பொறுத்தால் தானாக ஏறும் என்பதற்கு அந்தத் தெரு சாட்சி சொல்லவில்லை.

உங்கள் பகுதியின் நிலவரத்தைச் செய்தியில் தேடாதீர்கள். விலை பேசி முடித்த பிறகு பத்திரம் பதிவாக வாரங்களோ மாதங்களோ ஆகும், அது புள்ளிவிவரமாகி வெளிவர இன்னும் சில மாதம். நீங்கள் இன்று படிப்பது போன பருவத்தின் பேரம். அதைவிட நல்ல வழி நீங்களே எண்ணுவது. உங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் சுற்றுவட்டாரத்தில் எத்தனை விற்பனைக்கு இருக்கின்றன, மாதத்துக்கு எத்தனை கைமாறுகின்றன என்று பாருங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால், இருப்பது எத்தனை மாதத்தில் தீரும் என்று வரும். ஆறு மாதத்தை ஒட்டி இருந்தால் சமநிலை என்பது தொழிலில் புழங்கும் கணக்கு; மூன்று என்றால் உங்கள் பேச்சு எடுபடும், பத்து என்றால் வாங்குகிறவர் பேச்சுதான் எடுபடும். அப்புறம், விலை குறைத்துப் போட்ட அறிவிப்புகள் கூடுகின்றனவா என்று பாருங்கள். இரண்டு மாதம் விடாமல் பார்த்தால் சந்தை எங்கே நிற்கிறது என்று ஓரளவு பிடிபடும். எங்கே போகும் என்று தெரியாது.

தரகரிடம் போகும்போது ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிகாகோ வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் இருவரும் ஆராய்ந்தார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது அதை ஒன்பது பத்து நாள் கூடுதலாகச் சந்தையில் வைத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்றார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். உங்கள் வீடு கொஞ்சம் கூடுதலாகப் போனால் அதில் தரகருக்கு வரும் பங்கு மிகச் சின்னது, இன்னும் பத்து நாள் அலைவதோ அவருடைய உழைப்பு. ஆகவே "வந்த முதல் ஆளிடம் முடித்துவிடுங்கள்" என்று அவர் அவசரப்படுத்தினால் இரண்டு வாரம் பொறுப்பதில் தவறில்லை. நான் வேண்டாம் என்பது வருடக்கணக்கில் பொறுப்பதைத்தான். இன்னொரு பக்கம், உங்கள் வீட்டை எப்படியாவது தன் கையில் வாங்க வேண்டும் என்பதற்காக மற்றவர்களைவிட உயரமான விலையைச் சொல்லும் தரகரும் உண்டு. மூன்று பேரைக் கூப்பிடுங்கள். ஒவ்வொருவரிடமும், இதே மாதிரி வீடு மூன்று, கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் பதிவான விலையோடு காட்டச் சொல்லுங்கள். கேட்கப்படும் விலை சான்று ஆகாது. முதல் மூன்று வாரத்தில்தான் தேடிக்கொண்டிருக்கும் எல்லாரும் புது வீட்டைப் பார்க்க வருவார்கள். அதிக விலை வைத்து அந்தக் கூட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டால், பிறகு குறைத்தாலும் "ஏன் இது இன்னும் விற்கவில்லை, என்ன குறை" என்ற கேள்விதான் வரும்.

முதலில் விற்பதா, முதலில் வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். வியாபாரம் மந்தமாக இருக்கும்போது முதலில் விற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாங்கிவிட்டுப் பழையது விற்காமல் இரண்டு வீட்டைச் சுமந்தவர்களின் அறிக்கைகளை நான் எழுதியிருக்கிறேன். கடைசியில் அவர்கள் சந்தை விலைக்கும் கீழே கொடுத்திருக்கிறார்கள், மாதா மாதம் தவணை துரத்தும்போது பேரம் பேச முடியாது. விற்ற பிறகு இரண்டு மூன்று மாதம் அதே வீட்டில் வாடகைக்கு இருந்துகொள்ள வாங்குபவரிடம் கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள், விலையில் பிடிவாதம் பிடிப்பதைவிட அதைக் கேட்டு வாங்குவது உங்களுக்கு அதிகம் பயன்படும்.

காத்திருக்கச் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. இன்னும் சில மாதம் வைத்திருந்தால் விற்ற லாபத்தின் மேல் வரி குறையும் என்றால், கடனை முன்கூட்டி அடைப்பதற்கான அபராதம் விரைவில் முடிகிறது என்றால், உரிமைப் பத்திரத்தில் சரி செய்ய வேண்டிய பிழை இருந்தால், சுவரில் கசிவு இருந்தால் பொறுங்கள். வரியும் அபராதமும் நாட்டுக்கு நாடு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அதை ஒரு கணக்காளரிடமும் வழக்கறிஞரிடமும் காட்டிக் கேளுங்கள், என் வார்த்தையை நம்பி முடிவெடுக்காதீர்கள். கசிவைப் பற்றி மட்டும் நான் அடித்துச் சொல்வேன். வாங்க வருபவர் உள்ளே நுழைந்ததும் கூரையின் மூலையைத்தான் அண்ணாந்து பார்க்கிறார். அங்கே ஒரு பழுப்பு வட்டம் இருந்தால், அதைச் சரி செய்ய ஆகும் செலவைப் போல இரண்டு மூன்று மடங்கை விலையில் கழித்துக் கேட்பார், ஏனென்றால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த மாதமே சின்ன வீடுகளைப் போய்ப் பார்க்கத் தொடங்குவேன், விலை பேச இல்லை, விற்கும் வீட்டு விலைக்கும் வாங்கும் வீட்டு விலைக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள. வீட்டுக்கு மூன்று மதிப்பு வாங்குவேன். பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு குறைந்தபட்ச வித்தியாசத்தையும் ஒரு தேதியையும் எழுதுவேன். வீட்டின் விலையை எழுத மாட்டேன். அந்த வித்தியாசம் கிடைத்தால் அன்றே முடிப்பேன். தேதி வந்தும் கிடைக்கவில்லை என்றால் அப்போது கிடைப்பதை எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் முழங்கால் என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது, அதற்கு எந்தக் கணக்கிலும் நான் எண் போடவில்லை. எட்டு சதவீதம் குறைத்துக் கேட்டவரின் தொலைபேசி எண் இன்னும் உங்களிடம் இருந்தால் அதைத் தொலைத்துவிடாதீர்கள். வீடு விற்க எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும், படிக்கட்டில் ஒரு பக்கம்தான் கைப்பிடி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மறு பக்கமும் ஒன்றை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.